பூனைக்குப் பாலும் சோறும் போதுமா?

தெனாலிராமன் வளர்த்த பூனையின் கதை உங்களுக்குத் தெரியும்தானே, குழந்தைகளே? எலித் தொல்லை தாங்க முடியாமல் கிருஷ்ணதேவராயர் ஆளுக்கொரு பூனை கொடுத்தார். பூனைக்குப் பால் ஊற்றுவதற்காகக் கூடவே ஒரு பசுவையும் கொடுத்தார். நம் ராமன் என்ன செய்தான்? முதல் நாளே பாலைக் கொதிக்கக் கொதிக்கக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தான். நாக்கைச் சுட்டுக்கொண்ட பூனை, அதன் பிறகு பால் கிண்ணத்தைக் கண்டாலே ஓட்டம் பிடித்தது. பசு கறந்த பாலையெல்லாம் ராமன் வீட்டார் குடித்துத் தீர்த்தார்கள்.

கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, 'ஐயோ பாவம், அந்தப் பூனைக்குப் பால் இல்லாமல் போயிற்றே!' என்று நாம் வருத்தப்படுவோம். ஆனால், விலங்கு மருத்துவரிடம் இந்தக் கதையைச் சொன்னால், "பால் இல்லாததால் பூனைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அது எலியைப் பிடித்துத் தின்றிருந்தால், மற்றப் பூனைகளைவிட நன்றாகவே இருந்திருக்கும்" என்பார். என்ன, வியப்பாக இருக்கிறதா?

பூனை என்றதும் நம் நினைவுக்கு வருவது பால் கிண்ணம்தான். பாடப் புத்தகப் படத்திலும் அப்படித்தான் இருக்கும். நம் வீடுகளிலும் பூனைக்குப் பால் சோறு, தயிர்ச் சோறு, மிஞ்சிய பிஸ்கட் என்று வைத்துப் பழகிவிட்டோம். 'நல்ல சாப்பாடு வைக்க நம்மிடம் பணம் ஏது?' என்று நினைப்பவர்களும் உண்டு. பூனைக்கு நல்ல சாப்பாடு எது, அதைக் குறைந்த செலவில் எப்படிக் கொடுப்பது என்பதைப் பார்ப்போமா?

பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

பிறந்த குட்டிக்குத் தாய்ப் பூனையின் பால்தான் அமுதம். அதில் சந்தேகமே இல்லை. பாலில் 'லாக்டோஸ்' என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க 'லாக்டேஸ்' என்ற நொதி வேண்டும். குட்டியின் வயிற்றில் இந்த நொதி நிறைய சுரக்கும். பால்குடி மறந்த பிறகு சுரப்பு குறைந்துகொண்டே போகும். வளர்ந்த பூனை நிறையப் பால் குடித்தால், செரிக்காத சர்க்கரை குடலில் தங்கி, வயிறு உப்பும், வயிற்றுப்போக்கும் வரும்.

'எங்கள் பூனை ஆசையாகக் குடிக்கிறதே டீச்சர்!' என்கிறீர்களா? அது ஆசைப்படுவது பாலில் உள்ள கொழுப்புக்காகவும் புரதத்துக்காகவும். ஒரு சில பூனைகளுக்குச் சிறிதளவு பால் ஒத்துக்கொள்ளும். அது எப்போதாவது கிடைக்கும் தின்பண்டமாக இருக்கலாம், சாப்பாடு ஆகாது.

தாயில்லாக் குட்டிக்குப் பசும்பால் கொடுக்கலாமா என்று பலர் கேட்பார்கள். பூனையின் பாலில் புரதம் அதிகம். பசும்பாலில் அவ்வளவு இல்லை. அதனால், குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பொடியைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே நல்லது. நான்கு வார வயதிலிருந்து, நன்றாக மசித்த மீனையோ கோழிக்கறியையோ கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம்.

பூனை ஒரு குட்டிப் புலி!

உங்கள் பூனை கொட்டாவி விடும்போது அதன் வாயைக் கவனித்துப் பாருங்கள். வளர்ந்த பூனைக்கு 30 பற்கள். நமக்கு இருப்பதுபோல, தானியத்தை அரைக்கும் தட்டையான கடைவாய்ப் பற்கள் அதற்கு இல்லை. கத்தரிக்கோல் போல வெட்டும் பற்களே உள்ளன. மாடு அசைபோடுவதுபோலத் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அரைக்கவும் பூனையால் முடியாது. குடலும் குட்டையானது. இவையெல்லாம் இறைச்சி தின்னும் விலங்கின் அடையாளங்கள்.

நாய் நம்மைப் போல, சோறும் கறியும் கலந்து சாப்பிட்டு வாழக் கூடியது. பூனை அப்படி இல்லை. புலி, சிங்கம்போல, இறைச்சியை நம்பியே வாழும் உடல் அதற்கு. ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கேரட் சாப்பிட்டால் அதிலுள்ள மஞ்சள் நிறச் சத்தை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடலுக்கு அந்த வித்தை தெரியாது. ஈரல், மீன், முட்டை போன்றவற்றில் தயாராக இருக்கும் வைட்டமின் ஏ தான் அதற்குப் பயன்படும்.

இன்னொரு வேடிக்கை: பூனைக்கு இனிப்பே தெரியாது! அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள மோனெல் ஆய்வு மைய விஞ்ஞானிகள், இனிப்பை உணர வைக்கும் மரபணு ஒன்று பூனைகளில் பழுதாகிக் கிடப்பதை 2005ம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். புலிக்கும் சிவிங்கிப்புலிக்கும்கூட இதே கதைதான். ஆகவே, நீங்கள் பாசத்தோடு ஊட்டும் பாயசமும் கேக்கும் பூனைக்கு இனிப்பதே இல்லை. அந்தச் செலவு வீண்தானே?

கண்ணைக் காக்கும் டாரின்

இப்போது நான் சொல்லப்போவதை மட்டும் மறக்கவே கூடாது.

'டாரின்' என்று ஒரு சத்து இருக்கிறது. 1827ம் ஆண்டு டீடமான், கிமெலின் என்ற இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள் இதை மாட்டின் பித்தநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீன் மொழியில் 'டாரஸ்' என்றால் காளை. அதிலிருந்து வந்த பெயர்தான் டாரின்.

நம் உடல் இதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பூனையால் போதுமான அளவு தயாரிக்க முடியாது. சாப்பாட்டில்தான் கிடைத்தாக வேண்டும். டாரின் இறைச்சியிலும் மீனிலும் உண்டு. அரிசி, கோதுமை, பருப்பு, காய்கறியில் இல்லை.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? 1975ம் ஆண்டு, அமெரிக்காவில் கே.சி.ஹேய்ஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. பாலிலிருந்து எடுத்த 'கேசின்' என்ற புரதத்தை மட்டுமே நம்பி வளர்ந்த பூனைகளின் கண்ணில், விழித்திரை மெல்ல மெல்லச் சிதைந்துபோனது. காரணம், கேசினில் டாரின் இல்லை. இப்படிப் போன பார்வை திரும்ப வராது.

அதோடு முடியவில்லை. 1987ம் ஆண்டு, கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இன்னோர் உண்மையைக் கண்டறிந்தார்கள். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் பெரிதாகி, சுவர் மெலிந்து, துடிக்கும் வலுவை இழக்கிறது. நோயுற்ற பூனைகளுக்கு டாரின் கொடுத்தபோது பல பூனைகள் தேறின. அந்தப் பூனைகளில் பல, கடையில் வாங்கிய பூனை உணவைத் தின்றவைதான்! அதன் பிறகே, நிறுவனங்கள் தங்கள் உணவில் டாரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கின.

'பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம்' என்பது நம் ஊர்ப் பழமொழி. நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பார்க்கக் கூடிய கண் அதன் கண். வெறும் பால் சோறு வைத்தே வளர்த்தால், பூனையின் உலகம் நிஜமாகவே இருண்டுவிடும். அது நோய் என்றுகூட நமக்குத் தெரியாது. 'வயசாயிடுச்சு, தடுமாறுது' என்று விட்டுவிடுவோம்.

சட்டைப் பையில் ஒரு முட்டை

2010ம் ஆண்டு. தமிழகத்தில் சத்துணவோடு வாரம் ஐந்து முட்டை தரத் தொடங்கிய சமயம். கடலோரச் சிற்றூர் ஒன்றில் நான் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி தினமும் முட்டையைச் சாப்பிடாமல் சட்டைப் பைக்குள் போடுவதைப் பார்த்தேன். பக்கத்தில் அழைத்துக் கேட்டேன்.

"முட்டையைச் சாப்பிடலையாம்மா?"

முதலில் தலை குனிந்து நின்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். "வீட்ல பூனை நாலு குட்டி போட்டிருக்கு டீச்சர். பால் வாங்க அம்மாகிட்ட காசு இல்ல. கஞ்சித் தண்ணிதான் ஊத்துறோம். பூனை எலும்பும் தோலுமா ஆயிடுச்சு. அதான் முட்டைய அதுக்குக் கொடுக்கிறேன்."

அவளும் எலும்பும் தோலுமாகத்தான் இருந்தாள், குழந்தைகளே. பாலூட்டும் பூனைக்கு வழக்கத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு சாப்பாடு வேண்டும் என்பது உண்மை. அதற்காக, வளர்கிற பிள்ளை தன் முட்டையை விட்டுக்கொடுக்கலாமா?

"உன் முட்டை உனக்குத்தான். பூனைக்கு வேறு வழி பார்ப்போம்" என்றேன்.

அன்று மாலை அவளையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு மீன் சந்தைக்குப் போனேன். மீன் வெட்டிக் கொடுக்கும் அம்மா ஒருவரிடம், "பூனைக்கு நாலு மீன் தலை கிடைக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இதுக்கெல்லாம் காசு வாங்குவாங்களா டீச்சர்? சாயங்காலம் தூக்கிக் கொட்டறதுதானே. பாப்பாவ தினமும் அனுப்புங்க" என்றார்.

தலைகளையும் துண்டு மீன்களையும் அவள் அம்மா உப்பில்லாமல் வேகவைத்து, முள் நீக்கி, மசித்து வைத்தார். பூனைக்குப் பால் நன்றாக ஊறியது. நான்கு குட்டிகளில் ஒன்று பிழைக்கவில்லை. மூன்று குட்டிகள் நன்றாக வளர்ந்தன. அந்த மாணவியும் தினமும் என் எதிரில் உட்கார்ந்து முட்டையைச் சாப்பிட்டு முடித்த பிறகே எழுந்தாள். அந்தக் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகச் செலவாகவில்லை.

கணக்குப் போடுவோமா?

ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால், இங்கே கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் புரதம் கொடுக்க நினைக்கிறோம். அதற்கு எவ்வளவு செலவாகும்?

பால்: ஒரு லிட்டரில் சுமார் 32 கிராம் புரதம். 20 கிராமுக்கு 625 மில்லி வேண்டும். லிட்டர் 50 ரூபாய் என்றால், செலவு சுமார் 31 ரூபாய். (அவ்வளவு பாலைக் குடித்தால் பூனையின் வயிறு என்ன ஆகும்!)

முட்டை: ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம். 20 கிராமுக்கு மூன்றே கால் முட்டைக்குச் சற்று அதிகம். ஒன்று 6 ரூபாய் என்றால், செலவு 20 ரூபாய்.

பொடி மீன்: சுத்தம் செய்த மீனில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம். கழிவு போக 100 கிராம் கிடைக்க 150 கிராம் மீன் வாங்க வேண்டும். கிலோ 120 ரூபாய் என்றால், செலவு 18 ரூபாய்.

கோழி ஈரல்: 100 கிராமில் சுமார் 17 கிராம் புரதம். 20 கிராமுக்கு 118 கிராம் வேண்டும். கிலோ 120 ரூபாய் என்றால், செலவு சுமார் 14 ரூபாய்.

பார்த்தீர்களா? மலிவு என்று நாம் நினைத்த பால்தான் இந்த நான்கில் அதிக விலை!

உடனே, 'ஈரல்தானே மலிவு, தினமும் ஈரலே வைப்போம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிகவும் அதிகம். தினமும் ஈரலே தின்னும் பூனைக்கு அந்தச் சத்து உடலில் சேர்ந்துகொண்டே போய், கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி, தலையைத் திருப்ப முடியாமல் போகும். முட்டையை மட்டுமே நம்பினாலும் டாரின் கிடைக்காது. மீனை மட்டுமே கொடுத்தாலும் வைட்டமின் ஈ குறைந்து வேறு தொல்லை வரும். மலிவு மட்டும் பார்த்தால் போதாது. மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கு இப்படித் திட்டமிடலாம்:

* மூன்று நாள்: நெத்திலி, மத்தி (சாளை), காரப்பொடி போன்ற சின்ன மீன்கள். எது மலிவோ அது.

* மூன்று நாள்: கோழிக் கடையில் கிடைக்கும் தொடைக் கறித் துண்டு, இதயம், இரைப்பை. நெஞ்சுக் கறியைவிடத் தொடைக் கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். விலையும் பெரும்பாலும் குறைவு.

* ஒரு நாள்: வேகவைத்த முட்டையும், இரண்டு மேசைக் கரண்டி ஈரலும்.

எப்படிச் சமைப்பது?

அடுப்பு வேலையை அம்மாவோ அப்பாவோ பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் கூட இருந்து உதவுங்கள்.

மீனைப் பச்சையாகக் கொடுக்க வேண்டாம். நெத்திலி, மத்தி போன்ற மீன்களில், வைட்டமின் பி1 சத்தைச் சிதைக்கும் 'தயாமினேஸ்' என்ற நொதி இருக்கிறது. பச்சை மீனையே தினமும் தின்றால் பூனைக்கு நரம்புத் தளர்ச்சியும் வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். பச்சை முட்டை வெள்ளைக் கருவும் இப்படித்தான். வேகவைத்தே கொடுக்க வேண்டும். பச்சை இறைச்சியில் கிருமிகளும் இருக்கும். அவை பூனைக்கும் கெடுதல், பூனையைத் தூக்கிக் கொஞ்சும் உங்களுக்கும் கெடுதல்.

வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள்! டாரின் தண்ணீரில் கரையும் சத்து. கொதிக்கும்போது அதில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். அதனால் குறைவாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தச் சாற்றையும் சாப்பாட்டோடு சேர்த்து ஊற்றுங்கள்.

எலும்பில்லாத வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து மிகவும் குறைவு. காட்டுப் பூனை எலியை எலும்போடு தின்பதால் அதற்கு அந்தக் குறை இல்லை. நாம் என்ன செய்யலாம்? சின்ன மீன்களைக் குக்கரில் நன்றாக வேகவைத்து, முள் விரலால் நசுக்கினாலே மாவாகும் பதம் வந்ததும் முள்ளோடு மசித்துக் கொடுக்கலாம். நசுங்காத முள்ளை எடுத்துவிட வேண்டும். கறி வைக்கும் நாளில், முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, காயவைத்து, நைசாகப் பொடி செய்து, அரைக் கிலோ கறிக்கு அரைத் தேக்கரண்டி கலக்கலாம். நாம் குப்பையில் போடும் ஓடு, பூனைக்கு எலும்பாகிறது!

சோறே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. நான்கு பங்கு மீனுக்கோ கறிக்கோ ஒரு பங்கு குழைந்த சோறு சேர்க்கலாம். சோற்றில் மீன் வாசனை காட்டுவது தவறு. மீனில் கொஞ்சம் சோறு சேர்ப்பது சரி.

வீட்டில் மீன் குழம்பு வைக்கிறீர்களா? மசாலா சேர்ப்பதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியே எடுத்து வேகவைத்துவிடுங்கள். அதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சைவ வீட்டுப் பூனைக்கு என்ன செய்வது?

'எங்கள் வீட்டில் மீனோ கறியோ வாங்க மாட்டோமே' என்று சிலர் கேட்பீர்கள். உங்கள் வீட்டு வழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் பூனை உணவுப் பாக்கெட்டை வாங்கிக் கொடுக்கலாம். மீன், கறி சமைத்துக் கொடுப்பவர்களும் தினமும் ஒரு கைப்பிடி பாக்கெட் உணவைச் சேர்ப்பது நல்லது. வீட்டுச் சமையலில் விட்டுப்போகும் வைட்டமின்கள் அதில் கிடைத்துவிடும்.

பாக்கெட்டில் பூனைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தைப் படியுங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று: புரதம் எவ்வளவு? அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கத்தின் அளவுகோலின்படி, வளர்ந்த பூனையின் உணவில், ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 26 சதவீதம் புரதம் இருக்க வேண்டும். குட்டிக்கு 30 சதவீதம்.

இரண்டு: டாரின் சேர்த்திருக்கிறார்களா?

மூன்று: அது முழுமையான உணவா, வெறும் தின்பண்டமா? தின்பண்டத்தை வைத்து வயிற்றை நிரப்பக் கூடாது.

இந்த மூன்றும் சரியாக இருந்தால், மலிவான பாக்கெட்டே போதும். பளபளப்பான உறைக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நாய் உணவு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பூனைக்கு வேண்டிய அளவு புரதமோ டாரினோ அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கூடவே கூடாதவை

* வெங்காயம், பூண்டு: பச்சையாகவோ வேகவைத்தோ பொடியாகவோ, எப்படிக் கொடுத்தாலும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அதனால்தான் குழம்புச் சோறு ஆகாது.

* சாக்லெட், காபி, டீ: இதயத்துக்கும் நரம்புக்கும் கெடுதல்.

* திராட்சை, உலர் திராட்சை: தவிர்த்துவிடுங்கள்.

* வேகவைத்த கோழி எலும்பு, பெரிய மீனின் முள்: ஊசிபோல உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

* கருவாடு: உப்பு அதிகம். பலமுறை தண்ணீரில் ஊறவைத்து உப்பு நீக்காமல் கொடுக்கக் கூடாது.

* நாம் போடும் காய்ச்சல் மாத்திரை: இது சாப்பாடு இல்லைதான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பாராசிட்டமால் மாத்திரை ஒன்றுகூடப் பூனையின் உயிரைப் பறிக்கும். பூனைக்கு உடம்பு சுட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

எவ்வளவு, எத்தனை வேளை?

ஓர் எலியில் சுமார் 30 கலோரி இருக்கும். நான்கு கிலோ பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். எத்தனை எலி என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்! ஏழு, எட்டு வருகிறதா? அதனால்தான் பூனை ஒரேயடியாகத் தின்னாமல், நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன விரும்புகிறது.

நம் கணக்கில், சமைத்த மீன் அல்லது கறியாக ஏறத்தாழ 120 முதல் 150 கிராம். அதை இரண்டு, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். குட்டிக்கு நான்கு வேளை. பூனையின் விலாவைத் தடவிப் பார்த்தால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. துருத்தினால் கொஞ்சம் கூட்டுங்கள். தட்டுப்படவே இல்லை என்றால் குறையுங்கள்.

புதிய சாப்பாட்டை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழையதோடு கலந்து, ஒரு வாரத்தில் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

தண்ணீரை மறக்காதீர்கள். பூனையின் மூதாதைகள் வறண்ட நிலத்தில் வாழ்ந்தவை. அதனால் அதற்குத் தாகம் எடுப்பது குறைவு. உலர்ந்த பாக்கெட் உணவு மட்டும் தின்னும் பூனைக்கு நீர் போதாமல் சிறுநீர்த் தொல்லை வரலாம். சுத்தமான தண்ணீரை அகலக் கிண்ணத்தில், சாப்பாட்டுத் தட்டிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். சாப்பாட்டுத் தட்டைத் தினமும் கழுவுங்கள். பூனைக்குச் சாப்பாடு வைத்த பிறகு உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

பூனை இரண்டு நாள் தொடர்ந்து எதுவும் சாப்பிடவில்லை என்றால், 'பசித்தால் தின்னும்' என்று விட்டுவிடக் கூடாது. பட்டினி கிடந்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆண் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்கினால், அன்றே போக வேண்டும். பழகிய இடத்திலும் பொருள்களில் மோதிக்கொண்டு நடந்தால், கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். என்ன சாப்பாடு வைக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பணம் அதிகமாகுமே என்று பயப்பட வேண்டாம். அரசு கால்நடை மருந்தகங்களில் பூனைக்கும் வைத்தியம் பார்ப்பார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903ம் ஆண்டு தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு.

இந்த வார வேலை

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஒரு வாரம் உங்கள் பூனை என்னவெல்லாம் சாப்பிட்டது என்று கிழமை வாரியாக எழுதுங்கள். மீன், கறி இருந்த நாளுக்கு எதிரே ஒரு மீன் படம் போடுங்கள். டாரின் சேர்த்த பாக்கெட் உணவு கிடைத்த நாளுக்கும் ஒரு மீன் போடலாம். பாலும் சோறும் பிஸ்கட்டும் மட்டுமே கிடைத்த நாளுக்கு வெறும் வட்டம் போடுங்கள். வட்டம் அதிகமா, மீன் அதிகமா என்று எண்ணிப் பாருங்கள்.

வட்டங்கள் அதிகம் என்றால், அந்தத் தாளை அப்பா, அம்மாவிடம் காட்டுங்கள். பால், பிஸ்கட்டுக்கு ஆன செலவையும் கூட்டி, அதே பணத்துக்கு எத்தனை கிராம் பொடி மீன் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பூனைக்குப் பேசத் தெரியாது. அதற்காகக் கணக்குப் போட உங்களுக்குத் தெரியும்.